இன்ஜின் மாற்றலாமா, டர்போ வைக்கலாமா? சேலம் வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: அண்ணா, என்னிடம் பழைய கார்புரேட்டர் மாருதி ஜென் கார் இருக்கிறது. எஸ்டீம் 1.3 இன்ஜின் ஒன்று விலைக்கு வருகிறது. உட்காருமா? (அம்மாபேட்டை)

உட்காரும் தம்பி. ஜென்னின் 993 சிசி, எஸ்டீமின் 1298 சிசி இரண்டுமே சுசுகியின் ஜி வரிசை இன்ஜின்கள், அதனால் வேறு கம்பெனி இன்ஜினைத் திணிப்பதைவிட வெட்டு, வெல்டிங் வேலை குறைவு. ஆனால் இன்ஜினை மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள். கியர்பாக்ஸ், வயரிங், ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), சென்சார், ரேடியேட்டர் எல்லாம் ஒரே வண்டியில் கழற்றிய முழு செட்டாக வேண்டும், முடிந்தால் கழற்றும் முன்பே ஓடவிட்டுக் கேட்டு, நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று) பார்த்துவிடுங்கள். நிறையப் பேர் மறப்பது பெட்ரோல் லைனை. கார்புரேட்டருக்கு லேசான அழுத்தம் போதும், இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் பீச்சும் எம்பிஎஃப்ஐ இன்ஜினுக்கு இரண்டரை, மூன்று பார் அழுத்தம் வேண்டும். டேங்குக்கு எலக்ட்ரிக் பம்ப், அந்த அழுத்தம் தாங்கும் புது ஹோஸ், கிளிப் எல்லாம் போட வேண்டும். பழைய ரப்பர் ஹோஸையே விட்டுவைத்தால் அது வெடித்து சூடான மேனிஃபோல்ட் மேல் பெட்ரோல் பீச்சும். இதில் மட்டும் தயவுசெய்து காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: ஆர்.சி-யில் மாற்றித் தருவார்களா?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, ஆர்.சி-யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது, உச்ச நீதிமன்றமும் 2019-ல் இதை உறுதி செய்துவிட்டது. அதே கம்பெனி, அதே வகை இன்ஜினை ஆர்.டி.ஓ அனுமதி வாங்கி மாற்றலாம். 993 இருந்த இடத்தில் 1298 என்பது அந்த வகையில் வராது. பிடிபட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்துகூட வரலாம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிடலாம். காயலான் கடையில் பில் இல்லாமல் வாங்கிய இன்ஜின் என்றால் அது திருட்டு வண்டியுடையதா என்ற கேள்வியும் கூடச் சேரும். ஆசை விடவில்லை என்றால் கோவை கரி ஸ்பீட்வே மாதிரி டிராக்கில் ஓட்டுவதற்கென்றே வண்டியைக் கட்டுங்கள், ரோட்டில் இறக்காதீர்கள்.

கேள்வி: 1.2 பெட்ரோல் கார். ஏசி போட்டு நாலு பேரோடு ஏற்காடு ஏறினால் திணறுகிறது. டர்போ வைக்கலாமா? (ஹஸ்தம்பட்டி)

கொஞ்சம் திணறத்தான் செய்யும். சேலத்தில் காற்றழுத்தம் சுமார் 980 மில்லிபார், சுமார் 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் 850-ஐ ஒட்டி. காற்று குறைந்தால் பவரும் குறையும், மேலே போய்ச் சேரும்போது நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு போயிருக்கும். டர்போ அந்தக் காற்றைத் திணித்துக் கொடுக்கும், சரி. ஆனால் உங்கள் இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதமே (சிலிண்டர் எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) பத்துக்கு மேல். அதில் பூஸ்ட், அதாவது டர்போவின் கூடுதல் அழுத்தத்தை ஏற்றினால் நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்து பிஸ்டன் உடையும், கம்ப்ரஷனைக் குறைத்து, இன்ஜெக்டர் பெரிதாக்கி, ஈசிஎம் டியூன் செய்து, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைத்து, கிளட்சையும் மாற்றுவதற்குள் வண்டி விலையைத் தொட்டுவிடுவீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வேகம் விழுந்து ஆர்பிஎம் 1,500, 2,000-க்கு இறங்கிவிடும், பெரிய டர்போ அங்கே தூங்கும். கிளட்ச், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டயர் காற்று நான்கையும் முதலில் பாருங்கள். முதல் கியருக்கு இறங்க வேண்டிய வளைவில் தயங்காமல் இறங்குங்கள், ஏசியைக் கொஞ்ச நேரம் அணையுங்கள்.

கேள்வி: பவரைக் கூட்டினால் பழைய பிரேக் போதுமா?

போதாது. டிஸ்க், பேட், ஃப்ளூயிட் எல்லாவற்றையும் இன்ஜினுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எஸ்டேட்டில் மஹிந்திரா டிஐ ஜீப் ஓடுகிறது. டர்போ தாங்குமா? (ஏற்காடு)

பெட்ரோலைவிட டீசலுக்கு டர்போ பொருந்தும், அதுவும் இந்த 2523 சிசி டிஐ இன்ஜின் டர்போவோடே பொலேரோவில் வந்திருக்கிறது. அதற்கும் மேலே சொன்ன பேப்பர் விஷயம் பொருந்தும், ஆர்.டி.ஓ ஆபீஸில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள். அனுமதி இருந்தால் பூஸ்டை 0.4, 0.5 பாரோடு நிறுத்துங்கள். பம்பில் டீசலை இஷ்டத்துக்குத் திருகிக் கூட்டினால் கரும்புகை வரும், எக்ஸாஸ்ட் சூடு ஏறி பிஸ்டன் உருகும். மலையேறும்போது வேகம் குறைவு, லோடு அதிகம், ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றும் கிடைக்காது, ஆகவே ஃபேனையும் தண்ணீரையும் முதலில் சரிபாருங்கள். டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடியது, அதை ஆயில்தான் தாங்குகிறது. ஆயில் திரும்பும் பைப் அகலமாக, மடிப்பில்லாமல், நேராகக் கீழே சம்பில் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) இறங்கட்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் சாவியை உடனே திருப்பாதீர்கள், ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். இல்லாவிட்டால் பேரிங்கில் ஆயில் கருகிக் கரியாகப் பிடித்துக்கொள்ளும்.