கெட்டிமேளத்துக்கு குளோபல் ஷட்டர் வேண்டுமா?

கேள்வி: மயிலாடுதுறை பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேராகக் கல்யாண வேலை எடுக்கிறோம். நான் போட்டோ, தம்பி வீடியோ. இருவரிடமும் 33 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராதான். சைலண்ட் ஷட்டர் போட்டால் தவில் கழி வளைந்து விழுகிறது. மேடை எல்.இ.டி. வெளிச்சத்தில் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு. நான் ஃபிளாஷ் அடிக்கும்போதெல்லாம் தம்பியின் வீடியோவில் பாதி ஃப்ரேம் வெளுத்துப்போகிறது. குளோபல் ஷட்டர் கேமரா வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு முன் கடன் வாங்கியாவது ஒன்று எடுக்கலாமா? பழையதைக் கொடுத்துவிடலாமா?

பதில்: கடன் வாங்கி வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளில் தவில் கழிக்கு குளோபல் ஷட்டர் தேவையே இல்லை. எல்.இ.டி. பட்டையை அது பாதிதான் தீர்க்கும். தம்பியின் வீடியோவில் விழும் அரை வெளுப்பை மட்டும் முழுசாகத் தீர்க்கும். ஆக, வாங்குவதாகவே வைத்துக்கொண்டாலும் அது போய்ச் சேர வேண்டியது உங்கள் கைக்கு அல்ல, தம்பி கைக்கு. கடைக்காரர் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

குளோபல் ஷட்டர் என்றால் சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் படம் பிடிப்பது. உங்கள் கேமராவின் சென்சார் ஒரு ஃப்ரேமை அப்படி ஒரே கணத்தில் வாங்குவதில்லை. நடவு நடுகிறவர்கள் ஒரு வரிசை முடித்துப் பின்னால் நகர்ந்து அடுத்த வரிசைக்குப் போவதுபோல, மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கிறது. முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் ஓடும் நேரம்தான் ரீட்அவுட். 33 மெகாபிக்சல் சாதாரண சென்சாரில் சைலண்ட் ஷட்டரில் அது சுமார் 1/15 நொடி. ஷட்டர் ஸ்பீடை 1/4000 வைத்தாலும் இந்த 1/15 குறையாது. பலர் குழம்புவது இங்கேதான். ஷட்டர் ஸ்பீடு என்பது ஒவ்வொரு வரிசையும் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குகிறது என்பது. ரீட்அவுட் என்பது வரிசைகளுக்கு நடுவில் உள்ள தாமதம். இரண்டும் வேறு வேறு கணக்கு.

தவில்காரர் வேக கதியில் நொடிக்கு எட்டு அடி போட்டால், 1/15 நொடியில் கழி ஒரு முழு அடிப்பில் பாதிக்கு மேல் பயணம் செய்துவிடும். ஃப்ரேமின் மேல் வரிசையில் ஓங்கிய கழி, கீழ் வரிசைக்கு வரும்போது தோலைத் தொட்டிருக்கும். அதனால்தான் வளைகிறது. ஆனால் இதே கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டரும் இருக்கிறதே! அந்தத் திரை சென்சாரைக் கடக்கும் நேரம் சுமார் 1/250 நொடி. அதற்குள் கழி கண்ணுக்குத் தெரிகிற அளவு வளையாது. நாதஸ்வரமும் தவிலும் முழங்குகிற இடத்தில் ஷட்டர் சத்தம் யார் காதில் விழப்போகிறது? கல்யாண மண்டபத்தில் சைலண்ட் ஷட்டரை அணைத்து வையுங்கள். முதல் தொல்லைக்குச் செலவு பூஜ்யம்.

சத்தமே கூடாத இடங்களும் நம் ஊரில் உண்டு. திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனை பாடும்போது பக்கத்தில் நின்று டக் டக்கென்று அடித்தால் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். அங்கே சைலண்ட் ஷட்டர் அவசியம், அங்கேதான் வயலின் வில்லும் மிருதங்க விரலும் வளையும். அப்படிப்பட்ட வேலை உங்களுக்கு அடிக்கடி வருகிறது என்றால் ரீட்அவுட் வேகம் முக்கியம். அப்போதும் வேகமான ரீட்அவுட் போதும், குளோபல்தான் வேண்டும் என்பதில்லை. இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது எல்.இ.டி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். சென்சார் வரிசையாகப் படிக்கும் நேரத்தில் விளக்கு பலமுறை ஏறி இறங்குவதால் பட்டை விழுகிறது. குளோபல் ஷட்டரில் எல்லாப் பிக்சலும் ஒரே கணத்தில் திறந்து ஒரே கணத்தில் மூடுவதால் பட்டை விழாது. ஆனால் விளக்கின் ஏற்ற இறக்கம் எங்கே போகும்? 1/1000-இல் தொடர்ந்து பத்துப் படம் எடுத்தால் ஒன்று பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும், சிலது நிறம் மாறியும் வரும். பட்டையைவிட இது பரவாயில்லை. முழு ஃப்ரேமும் ஒன்றாக மங்குவதால் எடிட்டில் ஏற்றிக்கொள்ளலாம். பட்டையை அப்படிச் சரிசெய்ய முடியாது. அதனால்தான் பாதி தீர்வு என்றேன்.

மேடைக்குப் பின்னால் வைக்கிற எல்.இ.டி. வால் (சுவர் அளவு பெரிய திரை) விஷயத்தில் அந்தப் பாதிகூட உறுதி இல்லை. அந்தத் திரையே தன் விளக்குகளை ஒரே நேரத்தில் எரிப்பதில்லை, சில வரிசைகளாக மாற்றி மாற்றி எரிக்கிறது. வேகமான ஷட்டரில் எடுத்தால் அந்தக் கணத்தில் எரியாத வரிசைகள் கறுப்பாகத்தான் விழும். கோளாறு திரையில் இருக்கும்போது கேமராவை மாற்றி என்ன பயன்?

இதற்கு உங்கள் கேமராவிலேயே செய்யக்கூடியது நிறைய. ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் விளக்கின் முழுச் சுற்று ஒவ்வொரு வரிசைக்கும் கிடைத்துவிடும், பட்டை போய்விடும். தம்பி வீடியோவை 30-இலோ 24-இலோ எடுக்கிறாரா என்று கேளுங்கள். யூடியூப் பார்த்துப் பழகிய பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். கேமராவை பால் (PAL) முறைக்கு, அதாவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்ற வீடியோ முறைக்கு மாற்றி 25 அல்லது 50 ஃப்ரேமில், 1/50 அல்லது 1/100 ஷட்டரில் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்லோமோஷனுக்கு 120-ஐ விட்டு 100 ஃப்ரேம். 120-இல் 1/100 ஷட்டர் வைக்கவே முடியாது, மண்டப வெளிச்சம் படபடக்கும். 100-இல் முடியும். எல்.இ.டி. வால் போன்றவற்றின் துடிப்பு இதைவிட மிக வேகம். அதற்குப் புதிய கேமராக்களில் ஷட்டரைப் புள்ளி அளவில் நகர்த்தும் வேரியபிள் ஷட்டர் வசதி இருக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டே கோடு மறையும்வரை நகர்த்த வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது அலைவரிசை சரியாக 50-இல் நிற்காது, மெல்லிய பட்டை ஊரும். நம் பக்கத்து மண்டபங்களில் அது எப்போது வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி கெட்டிமேளம். விஷயம் இருப்பது இங்கேதான். தாலி கட்டும் அந்த அரை நிமிடத்தில் அட்சதை பறக்கிறது, தவில் உச்சத்தில் இருக்கிறது, உங்கள் ஃபிளாஷ், பெண் வீட்டு ஆள் கொண்டுவந்த ஃபிளாஷ் என்று மாறி மாறி வெடிக்கிறது. ஃபிளாஷ் எரிவது ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவுதான். தம்பியின் கேமரா 4கே-யில் ஃபுல் ஃப்ரேமைப் படிக்க ஏறக்குறைய 26, 27 மில்லிநொடி எடுக்கிறது. ஃபிளாஷ் வெடித்த கணத்தில் திறந்திருந்த வரிசைகளுக்கு மட்டும் வெளிச்சம் கிடைக்கும். ஒரு ஃப்ரேமின் கீழ்ப்பாதியும் அடுத்த ஃப்ரேமின் மேல்பாதியும் வெளுப்பது அதனால்தான்.

குளோபல் ஷட்டரில் இது நடக்கவே வழியில்லை. ஃபிளாஷ் ஒரு ஃப்ரேமில் விழுந்தால் முழு ஃப்ரேமும் வெளுக்கும், பார்ப்பவர் கண்ணுக்கு அது இயல்பான ஃபிளாஷ். 25 ஃப்ரேமில் 1/50 ஷட்டர் என்றால் பாதி நேரம் சென்சார் மூடியிருக்கிறது, அந்த இடைவெளியில் வெடித்த ஃபிளாஷ் வீடியோவில் பதிவே ஆகாது. வெளுத்தது ஒரே ஃப்ரேம் என்பதால் எடிட்டர் அதைத் தூக்கிவிட்டுப் பக்கத்து ஃப்ரேமை நீட்டினாலும் தெரியாது.

இப்போதைய வீடியோவிலும் அதே வேலையைச் செய்யலாம், ஒன்றுக்குப் பதில் இரண்டு ஃப்ரேமை மாற்ற வேண்டும். இரண்டு ஃப்ரேம் என்றால் 80 மில்லிநொடி. அசைவு அதிகமான இடத்தில் சின்னத் துள்ளல் தெரியலாம், மற்றபடி போதும். தம்பி சூப்பர் 35 கிராப்பில் (சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் மோடு) எடுத்தால் ரீட்அவுட் ஏறக்குறைய பாதியாகிவிடும், தொல்லையும் குறையும். அதைவிட எளிய வழி, தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் உங்கள் ஃபிளாஷை அணைத்துவிட்டு, மேடையில் நல்ல ஃபோகஸ் லைட் இரண்டை முன்கூட்டியே பொருத்துவது. கூரைப் புடவையின் அரக்கு நிறமும் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியும் அந்த நிலையான வெளிச்சத்தில் ஃபிளாஷைவிட நன்றாகவே விழும். பெண் வீட்டு ஃபிளாஷை என்ன செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள்.

குளோபல் ஷட்டர் போட்டோக்காரருக்குத் தரும் பெரிய லாபம் மண்டபத்துக்கு வெளியே இருக்கிறது. தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை முன்னால் உச்சி வெயிலில் ப்ரீ வெட்டிங் எடுக்கிறீர்கள், பின்னணி மங்க எஃப் 2 வேண்டும், முகத்துக்கு ஃபிளாஷும் வேண்டும். உங்கள் கேமராவின் சிங்க் ஸ்பீடு, அதாவது ஃபிளாஷோடு சேர்ந்து வேலை செய்யும் அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/250. ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 2 என்றால் வெயிலுக்கு 1/6400 வேண்டும். அந்த வரம்பைத் தாண்ட ஹை ஸ்பீட் சிங்க் போட்டால் ஃபிளாஷின் பலம் சடாரென்று குறைகிறது. குளோபல் ஷட்டரில் சிங்க் வரம்பே இல்லை, எந்த ஸ்பீடிலும் ஃபிளாஷ் வேலை செய்யும். அதிலும் ஒரு சூட்சுமம்: முழு பவரில் ஃபிளாஷ் எரிய எடுக்கும் நேரமே 1/6400-ஐவிட நீளம், மிச்ச வெளிச்சம் வெட்டுப்பட்டுவிடும். இந்தச் சிக்கலுக்குப் பழைய வைத்தியம் ஐந்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர், லென்ஸ் முன் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). 1/200-இல் நின்று அதே எஃப் 2-இல் எடுத்துவிடலாம். ஃபில்டர் சில ஆயிரம் ரூபாய். (ஆடியில் ஆறு நிறையத் தண்ணீர் ஓடுகிறது, கல்யாணம் மட்டும் கிடையாது. ஆவணி ஜோடிகளை அந்த மாதமே காவிரிக் கரைக்கு அழைத்துப் போகிறவர்கள் இந்த ஃபில்டரைப் பையிலேயே வைத்திருப்பது நல்லது.)

சரி, விலையும் விட்டுக்கொடுப்பும். ஃபுல் ஃப்ரேமில் குளோபல் ஷட்டருடன் வந்த முதல் மிரர்லெஸ் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மார்க் 3. 24.6 மெகாபிக்சல், நொடிக்கு 120 படம், 1/80,000 வரை ஷட்டர், மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. அறிவித்த விலை 5,999 டாலர். நம் ஊரில் லென்ஸ் இல்லாமலே ஐந்து லட்சத்தைத் தாண்டும். சினிமாப் பக்கம் இது புதுசும் இல்லை, சோனி எஃப்55 2012-லேயே குளோபல் ஷட்டருடன் அறிவிக்கப்பட்டது, ரெட் கொமோடோ 2020-இல் வந்தது.

எல்லாப் பிக்சலும் ஒரே கணத்தில் மூட வேண்டும் என்றால், படிக்கப்படும்வரை ஒவ்வொன்றும் தன் மின்னூட்டத்தைப் பத்திரமாக வைத்திருக்க ஒரு இடம் வேண்டும். அந்த இடம் பிக்சலுக்குள்ளிருந்தே எடுக்கப்படுகிறது. வெளிச்சத்தைத் தாங்கும் கொள்ளளவு குறைகிறது. அதனால்தான் ஏ9 மார்க் 3-இன் அடிப்படை ஐ.எஸ்.ஓ. 100 அல்ல, 250. டைனமிக் ரேஞ்சும் (இருட்டையும் வெளிச்சத்தையும் ஒரே படத்தில் பிடிக்கும் திறன்) அதன் வகுப்புக் கேமராக்களைவிடச் சுமார் ஒரு ஸ்டாப் குறைவு. இதை அற்பமாக நினைக்காதீர்கள். நம் வேலையில் கறுத்த முகமும் வெள்ளை வேட்டியும் தங்க நகையும் ஒரே ஃப்ரேமில் வருகின்றன. கோயில் கல்யாணம் என்றால் பின்னால் இருட்டு மண்டபம், முன்னால் பிரகாரத்து வெயில். வளைந்த கழியை ஒரு வாடிக்கையாளரும் கேட்டு வந்ததில்லை. முகம் இருண்டு போனால் ஆல்பத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

சோனியே ஒரு வருடம் கழித்து 2024-இல் கொண்டுவந்த ஏ1 மார்க் 2-இல் குளோபல் ஷட்டர் வைக்கவில்லை. அதே வருடம் வந்த கேனான் ஆர்1-லும் இல்லை. இரண்டிலும் இருப்பது ஸ்டாக்டு சென்சார். படிக்கும் மின்சுற்றும் நினைவகமும் அடியில் அடுக்கப்பட்டு, வரிசை வரிசையாகத்தான் படித்தாலும் வேகமாகப் படிப்பவை. நிக்கான் இசட்8, இசட்9 இரண்டும் ஒரு முழுப் படத்தைச் சுமார் 1/270 நொடியில் படித்துவிடுகின்றன. மெக்கானிக்கல் திரை ஓடும் வேகமும் அதுதானே! அதனால்தான் அவற்றில் மெக்கானிக்கல் ஷட்டரே வைக்கவில்லை. ஆராதனை மாதிரி சத்தமில்லா வேலைக்கு இது தாராளம். இன்னும் விலை குறைய வேண்டும் என்றால் நிக்கான் இசட்6 மார்க் 3 போன்ற பாதி ஸ்டாக்டு வகை. உங்கள் கேமராவைவிடப் பல மடங்கு வேகம், முழு ஸ்டாக்டுக்குக் கீழே.

திருவாரூர் ஆழித்தேர் எடுக்கக் குளோபல் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேர் அவ்வளவு வேகமாக ஓடாது. தேரைச் சுற்றிக் கேமராவைச் சடாரென்று திருப்பினால்தான் கோபுரம் சாயும். மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள்.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். சைலண்ட் ஷட்டரில், 1/2000-இல், கடையின் சீலிங் ஃபேனை ஃப்ரேம் நிறையும்படி எடுங்கள். நிமிடத்துக்கு 350 சுற்று ஓடும் ஃபேன் என்றால், 1/15 நொடியில் படிக்கும் சென்சார் முடிப்பதற்குள் இறக்கை ஏறக்குறைய 140 டிகிரி சுற்றிவிடும், அரிவாள் மாதிரி விழும். 1/250 என்றால் எட்டு டிகிரி, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். குளோபலில் நேராக இருக்கும். பிறகு அதே ஃபேனை 4கே வீடியோவிலும் எடுத்துப் பாருங்கள். போட்டோவில் வேகமாகப் படிக்கும் கேமரா வீடியோவில் அதே வேகத்தில் படிக்கும் என்று சொல்ல முடியாது, 50 ஃப்ரேமுக்கு ஒரு வேகமும் 25-க்கு வேறு வேகமும் இருக்கும். விற்பவர் சொல்லும் எண் எந்த மோடுக்கானது என்று கேட்டுவிட்டுப் பில் போடுங்கள்.

பழைய இரண்டையும் கொடுக்க வேண்டாம். ஆவணிக்குள் செலவு செய்வதாக இருந்தால் ஒரு என்.டி. ஃபில்டர், இரண்டு ஃபோகஸ் லைட். மிச்சப் பணம் இருந்து ஒரு கேமரா பாடி வாங்கியே தீர வேண்டும் என்றால், தம்பிக்கு வேகமான ரீட்அவுட் உள்ள ஸ்டாக்டு அல்லது பாதி ஸ்டாக்டு ஒன்று. நீங்கள் மெக்கானிக்கல் ஷட்டரோடு பழையதையே வைத்துக்கொள்ளுங்கள். நடன அரங்கேற்றம், கபடி மாதிரி வேலை வரும்போது குளோபல் பாடியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வாடகையைப் பில்லில் சேர்த்துவிடுங்கள்.