புதைந்த கோயில்களின் மேல் ஒரு பேராலயம்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக மெக்சிகோ நகரத்துக்கு வந்து ஒரு மாதமாகிறது. போன ஞாயிறன்று சோகலோ சதுக்கத்திலுள்ள பேராலயத்துக்குப் போனேன். அஸ்டெக் மக்களின் கோயில்களை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே இங்கு முதல் தேவாலயத்தைக் கட்டினார்கள் என்று வழிகாட்டி சொன்னார். உள்ளே எங்கு திரும்பினாலும் தங்கம். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். இதை அழகு என்று வியப்பதே இடித்தவர்களுக்குத் துணைபோவதாகப் பட்டது. உடன் வந்த நண்பரோ, "அதெல்லாம் ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய கதை, கலையை மட்டும் பாருங்கள்" என்றார். என் மனம் ஒப்பவில்லை. ஊர் திரும்ப இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மறுபடியும் போகத்தான் வேண்டுமா?

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

போங்கள். உங்கள் கோபத்தையும் உடன் கொண்டு போங்கள். நண்பர் சொன்னபடி அதை வாசலில் விட்டுவிட்டுப் போனால் அந்தக் கட்டடத்தில் பாதிதான் கண்ணுக்குத் தெரியும். இம்முறை பார்வையைத் தங்கத்திலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள்.

தரை அங்கே சமமாக இல்லை. குவிமாடத்திலிருந்து ஒரு பெரிய தூக்குக் குண்டு தொங்குகிறது. பேராலயம் எப்படிச் சாய்ந்து வந்திருக்கிறது என்பதை அதற்கு நேர் கீழே குறித்துவைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் சற்று நில்லுங்கள்.

அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லான் டெஸ்கோகோ ஏரிக்கு நடுவே ஒரு தீவில் இருந்தது. 1521இல் ஸ்பானியர் அதைக் கைப்பற்றி அழித்தார்கள். இப்போதுள்ள பேராலயத்தின் வேலையை 1573இல் தொடங்கினார்கள், முடிந்தது 1813இல். இதற்கிடையே 1629இல் வந்த வெள்ளம் ஐந்து ஆண்டுகள் வடியாமல் நகரத்தை மூழ்கடித்தது. ஏரியோடு வாழத் தெரிந்தவர்களின் நகரத்தை அழித்துவிட்டு, அந்த ஏரியை வடிக்கவே நூற்றாண்டுக் கணக்கில் போராடினார்கள். இருபதாம் நூற்றாண்டில் பெருநகரம் நிலத்தடி நீரை உறிஞ்சத் தொடங்கியது. நீர் குறையக் குறைய ஏரிக் களிமண் சுருங்கி, நகரத்தின் மையம் பல மீட்டர் கீழே இறங்கியது.

எல்லா இடமும் ஒரே அளவில் இறங்கவில்லை. பேராலயத்துக்கு அடியில் அஸ்டெக் கோயில்களின் அடித்தளங்கள் புதைந்து கிடக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அவற்றின் பாரத்தைச் சுமந்த மண் முன்பே இறுகிவிட்டதால் அங்கே இறக்கம் குறைவு, அக்கம்பக்கத்தில் அதிகம். 1980களின் இறுதியில் அளந்தபோது கட்டடத்தின் ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் இடையே 2.4 மீட்டர் வரை மட்ட வேறுபாடு இருந்தது. இடித்து மூடப்பட்ட கோயில்கள் எங்கே இருக்கின்றன என்பதை மேலே நிற்கும் தேவாலயத்தின் தரையே சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்தச் செய்தியை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

1990களில் பொறியாளர்கள் தரைக்கடியில் 32 கிணறுகள் தோண்டினார்கள். மேடாக நின்ற பகுதிகளின் அடியிலிருந்து களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அவற்றைக் கீழே இறக்கினார்கள். பைசா கோபுரத்தின் சாய்வைக் குறைக்கவும் பின்னர் இதே வழியைத்தான் கையாண்டார்கள். இறங்குவதை நிறுத்த முடியாது, சீராக இறங்கச் செய்யலாம் என்ற அந்தத் தெளிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வெளியே வந்ததும் மேற்குக் கோபுரத்தைப் பாருங்கள். அஸ்டெக்குகளின் புகழ்பெற்ற சூரியக்கல் 1790இல் இந்தச் சதுக்கத்தில் கிடைத்தது. அதை இக்கோபுரத்தின் வெளிச்சுவரில் பதித்தார்கள். 1885 வரை இங்கேதான் இருந்தது. சூரியக்கல் கிடைத்த அதே 1790இல் அதே சதுக்கத்தில் கோட்லிகுவே என்ற தாய்த்தெய்வத்தின் பெருஞ்சிலையும் கிடைத்தது. பாம்புகளால் பின்னிய பாவாடை, கழுத்தில் இதயங்களும் கைகளும் கோத்த மாலை. அதைப் பல்கலைக்கழக முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். பழங்குடி மக்கள் பூவும் மெழுகுவத்தியுமாக வரத் தொடங்கினார்கள். இரண்டரை நூற்றாண்டு மதமாற்றத்துக்குப் பிறகும்! அஞ்சிப்போய்ச் சிலையை மறுபடி மண்ணில் புதைத்துவிட்டார்கள். 1803இல் மெக்சிகோவுக்கு வந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹம்போல்ட் கேட்டுக்கொண்டதால் தோண்டியெடுத்துக் காட்டி, அவர் பார்த்து முடித்ததும் திரும்பவும் புதைத்தார்கள். இன்று சூரியக்கல்லும் கோட்லிகுவேயும் மானுடவியல் அருங்காட்சியகத்தில் ஒரே கூடத்தில் இருக்கின்றன. ஒருநாள் அங்கேயும் போய் வாருங்கள்.

தங்கத்தைப் பற்றிச் சொன்னீர்கள். பேராலயத்துக்குள் இருக்கும் 'அரசர்களின் பீடம்' முழுவதும் மரச்செதுக்கல், மேலே தங்க ரேக்கு. செவில் நகரிலிருந்து வந்த ஹெரோனிமோ தே பல்பாஸ் என்ற சிற்பி 1718இல் தொடங்கினார். பிரமிக்க வைப்பதற்கென்றே செய்தது, பிரமிக்க வைக்கிறது. அதற்குமேல் அதனிடம் எனக்கு ஈடுபாடு இல்லை. என்னைக் கட்டிப்போட்டது பேராலயத்தை ஒட்டி நிற்கும் சக்ராரியோ என்ற தேவாலயத்தின் முகப்பு. லொரென்சோ ரொட்ரிகெஸ் 1749 முதல் 1768 வரை கட்டியது. தலை பருத்து அடி சிறுத்த தூண்கள், இம்மி இடம் விடாத செதுக்கல், இருபுறமும் செம்மை படர்ந்த டெசொன்ட்லே கல். துளைகள் நிறைந்த எரிமலைக் கல் என்பதால் எடை குறைவு, சதுப்பு நிலத்துக்கு ஏற்றது. அஸ்டெக்குகள் தங்கள் கோயில்களுக்குப் பயன்படுத்தியதும் இதையேதான். திட்டம் தீட்டியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. கல் சுமந்தவர்களில் பெரும்பாலோர் தோற்றுப்போன நகரத்தின் மக்களும் அவர்கள் வழிவந்தவர்களும். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர்களின் உழைப்பிலிருந்தும் திருப்பிக்கொள்கிறீர்கள் என்பது என் எண்ணம். இன்று உள்ளே முழந்தாளிட்டிருப்பவர்களிலும் பலர் அந்த வழியில் வந்தவர்கள்தான். அந்த இடம் அவர்களுக்கு என்னவாக இருக்க வேண்டும் என்று நானோ நீங்களோ தீர்மானிக்க முடியாது.

பேராலயத்தையும் அருகிலுள்ள டெம்ப்லோ மாயோர் என்ற அஸ்டெக் பெருங்கோயிலின் இடிபாடுகளையும் ஒரே நாளில் பாருங்கள், நடந்தே போய்விடலாம். 1978இல் மின்வாரியத் தொழிலாளர்கள் பள்ளம் தோண்டியபோது அங்கே கொயோல்ஷாவுகி தேவியின் வட்டக்கல் கிடைத்தது. பெரும் அகழாய்வு தொடங்கியது அதன் பிறகுதான். இடிபாடுகளை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பேராலயத்துக்குள் நுழையுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், இடிபாடுகளோடு சேர்ந்த டெம்ப்லோ மாயோர் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள், கோபம் தணியாவிட்டாலும்.