காய்ச்சல் 39.5 டிகிரி இருந்தும் இரத்தப் பரிசோதனை செய்யாமல் அனுப்புவது சரியா?

நான்கு வயது மகனுக்குக் காய்ச்சல் 39.5 டிகிரி இருந்தும் முதல் நாளில் பனடோல் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்றும், பதினான்கு வயது மூத்தவன் அடிக்கடி அடிவயிறு வலிக்கிறது என்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகம் ஒன்றில் தாதியாக இருப்பவள் நான். பிள்ளைகளை நேரில் பாராமல் தீர்ப்புச் சொல்ல இயலாது, ஆனால் மருத்துவர் எதைக் கவனிக்கிறார் என்பதைச் சொல்லலாம்.

மூன்று மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 38 டிகிரி என்றாலே அவசரப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும். அதற்கு மேற்பட்ட வயதில், வெப்பமானி காட்டும் எண்ணைவிடப் பிள்ளை இருக்கும் நிலையே முக்கியம். சட்டையைக் கழற்றிவிட்டு, அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவோம். ஒன்று முதல் ஐந்து வயது வரை அது 40-ஐ எட்டினாலோ, விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்கினாலோ, நுரையீரலைச் சந்தேகிக்க வேண்டும். பிறகு இரத்த ஓட்டம் சீராக இருக்கிறதா என்று அறிய, நடுநெஞ்சில் விரலால் ஐந்து வினாடி அழுத்தி எடுத்து, வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வருகிறதா என்று பார்ப்போம். நம் பிள்ளைகளின் மாநிறத்தில் இது சட்டெனப் புலப்படாது என்பதால் நான் நகத்தையும் அழுத்திப் பார்ப்பேன். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான் என்ற கேள்விக்கு, பகலெல்லாம் உடனிருக்கும் பாட்டியிடம்தான் பெரும்பாலும் தெளிவான பதில் கிடைக்கும்.

இரத்தப் பரிசோதனைக்கு வருவோம். கை, கால், வாய்ப்புண் நோயைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். டெங்கி அப்படியல்ல. முதல் நாளில் இரத்த அணுக்களின் எண்ணிக்கை பல வேளைகளில் இயல்பாகவே இருக்கும். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை, அதுவும் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான், இரத்த நாளங்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். ஆகவே காய்ச்சல் விட்டபின் ஓயாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், அசாதாரணத் தூக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே திரும்பி வாருங்கள். டெங்கி இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுபுரூஃபென் என்ற காய்ச்சல், வலி மருந்தைக் கொடுக்க வேண்டாம்.

மூத்தவனிடம் மருத்துவர் தனியாகப் பேச விரும்பினால், தயவுசெய்து வெளியே காத்திருங்கள். பள்ளியில் நடப்பதையும் உடலைப் பற்றியதையும் அம்மாவின் முன்னால் எந்தப் பையனும் சொல்லமாட்டான். விதைப்பைக்குள் இருக்கும் விரை முறுக்கிக்கொண்டால்கூட வெட்கத்தில் அடிவயிற்று வலி என்று மட்டும் சொல்பவர்கள் உண்டு. அதைக் காப்பாற்ற ஏறத்தாழ ஆறு மணி நேரமே அவகாசம் என்பதால், திடீரென்று கடும் வலி வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.