மார்ஷல் தீவுகளின் பக்கம் பேசுவது எப்படி?

வணக்கம். சென்னையில் உங்கள் கல்லூரி நடத்தும் மாதிரி ஐ.நா. அவையில் பசிபிக் தீவு நாடான மார்ஷல் தீவுகளுக்காகப் பேசவேண்டும், ஆனால் அணு ஆயுத வழக்கில் தோற்ற நாடாயிற்றே என்று தயங்கியிருக்கிறீர்கள். தீர்ப்பை மறைக்காமல் அதிலிருந்தே தொடங்குங்கள்.

அணு ஆயுதங்களைக் களையும் கடமையை நிறைவேற்றவில்லையென 2014இல் ஒன்பது அணு ஆயுத நாடுகள்மீது மார்ஷல் தீவுகள் தொடுத்த வழக்குகளில் இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் ஆகியவற்றுக்கு எதிரானவையே பன்னாட்டு நீதிமன்றத்தில் நகர்ந்தன. 2016 அக்டோபர் 5 அன்று அவையும், இரு தரப்புக்குமிடையே சட்டத் தகராறு இருந்ததாகத் தெரியவில்லை என்ற காரணத்தால் தள்ளுபடியாயினவே தவிர, ஆயுதக் களைவுக் கடமை இல்லையென்று நீதிமன்றம் கூறவில்லை. பிரிட்டன் வழக்கில் வாக்குகள் 8-8 எனச் சமமாகித் நீதிமன்றத் தலைவரின் வாக்கே முடிவு செய்தது. இதை அவசியம் சொல்லுங்கள்.

இந்திய அணியினர், அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் தாங்கள் கையெழுத்திடவில்லை, அதனால் அதன் கடமை தங்களுக்கில்லை என்பார்கள். ஆயுதக் களைவுக்காக நல்லெண்ணத்துடன் பேச்சுவார்த்தை நடத்தி முடிக்கும் கடமை உண்டென்று அதே நீதிமன்றம் 1996இல் அளித்த ஆலோசனைக் கருத்தைக் காட்டி, அந்தக் கடமை வழக்காற்றுச் சட்டமாக, அதாவது ஒப்பந்தம் இல்லாமலே நாடுகளின் நடைமுறையால் உருவான சட்டமாக, எல்லோரையும் கட்டுப்படுத்துவதாக வாதிடுங்கள். 1946 முதல் 1958 வரை அந்தத் தீவுகளில் அமெரிக்கா நடத்திய 67 சோதனைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.