கோதுமையும் முகத்துத் தோலும்: கேள்வி பதில்

யாங்கோனில் தோல் நோய்ப் பிரிவில் 28 வருஷம் நர்ஸாக இருந்தேன். கோதுமையால் முகம் கெடுமா என்று நம் ஆட்கள் கேட்டிருந்தவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மோல்மேன் தம்பி: தினமும் காலையில் டீக்கடையில் பலாட்டா (பரோட்டா) தான் அக்கா. கன்னம் உப்பி, தாடையெல்லாம் பரு. 'குளூட்டன் முகம்' என்கிறார்களே, அதுவா?

அப்படி ஒரு நோய் மருத்துவத்தில் இல்லை, தம்பி. குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் புரதம். பலாட்டா மாவை வீசி இழுத்தாலும் பிய்யாமல் நீள்கிறதே, அது குளூட்டனால்தான். இது ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் புண்ணாகும் நோய்க்கு சீலியாக் என்று பெயர். உலகத்தில் நூற்றில் ஒருவருக்கு இருக்கலாம்.

அந்த நோய் தோலிலும் வரும். டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்பார்கள், 1884இல் டூரிங் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்தது. அது வரும் இடம் முழங்கை, முழங்கால், பிட்டம், தலை. முகத்தில் அபூர்வம். எங்களிடம் ஒருவர் வந்தார், சட்டையின் இரண்டு முழங்கையிலும் பொட்டுப் பொட்டாக இரத்தக்கறை. கொப்புளம் ஒன்றுகூட முழுசாக இல்லை, எல்லாம் நகம் பட்டு உடைந்திருந்தன. அரிப்பு அப்படி. குஷ்டத்துக்குக் கொடுக்கும் அதே டாப்சோன் மாத்திரைதான் இதற்கும். சில நாளில் அரிப்பு அடங்கிவிடும், ஆனால் குடல் ஆற வேண்டுமென்றால் கோதுமையை விட்டே ஆக வேண்டும். இன்னொன்று, ஜி6பிடி குறைபாடு, அதாவது இரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருப்பது, பர்மாவில் நிறையப் பேருக்கு உண்டு. அதைச் சோதிக்காமல் டாப்சோன் போட்டால் இரத்தச் சிவப்பணு உடைந்து மூத்திரம் கறுத்துவிடும். கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

உங்கள் பருவுக்கு, பலாட்டாவோடு குடிக்கும் கண்டென்ஸ்டு மில்க் டீயைக் கவனியுங்கள். சட்டென்று சர்க்கரையை ஏற்றும் உணவுக்கும் பருவுக்கும் தொடர்பு ஆய்வுகளில் தெரிகிறது. மைதாவும் அந்த வகைதான், ஆனால் அதில் குற்றவாளி குளூட்டன் இல்லை, மாவுச்சத்து.

பெகு: பதினைந்து நாளாகக் கோதுமை தொடவில்லை. இப்போது சீலியாக் இருக்கிறதா என்று இரத்தச் சோதனை செய்து பார்க்கலாமா?

வேண்டாம். கோதுமையை நிறுத்தினால் இரத்தத்தில் தேடுகிற எதிர்ப்புப் புரதம் குறைந்துவிடும், நோய் இருந்தும் 'இல்லை' என்று வரும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஆறு வாரமாவது தினமும் சாப்பிட்டுவிட்டுக் கொடுங்கள். எல்லோருக்கும் சொல்கிறேன்: சோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்தாதீர்கள்.

தட்டோன்: சீலியாக் இருந்தால் மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிடலாமா?

நூடுல்ஸ் அரிசிதான், சாப்பிடலாம். மேலே பிய்த்துப் போடும் ஈ-க்யா-க்வே, அந்த எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சி, கோதுமை. சோயா சாஸ், கூட்டுப் பெருங்காயத் தூள் இரண்டிலும் கோதுமை இருக்கலாம்.

யாங்கோன்: தாடையில் பரு, கன்னம் உப்பல். குளூட்டனா?

மோல்மேன் தம்பிக்குச் சொன்னதுதான்.

யாங்கோன், இன்னொருவர்: ஒத்துக்கொள்ள மாட்டேன் அக்கா. என் மகள் இரண்டு மாதம் பலாட்டாவை நிறுத்தினாள், முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. கண்ணால் பார்த்ததை இல்லை என்பதா?

முகம் தெளிந்ததை நான் மறுக்கவில்லை ஐயா. கூடவே வேறு எதையெல்லாம் விட்டாள்?

அவரே: டீயை விட்டாள். சிவப்பழகு கிரீம் ஒன்று போட்டுக்கொண்டிருந்தாள், அதையும்.

பாருங்கள், மூன்றை ஒன்றாக விட்டிருக்கிறாள், பழி பலாட்டாவுக்கு மட்டும். இப்படிப்பட்ட கிரீம் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மாதக்கணக்கில் போட்டால் முகத்தோல் மெலியும், சிவக்கும், பரு கிளம்பும். விட்ட முதல் வாரங்களில் இன்னும் மோசமாகி, அப்புறம்தான் தெளியும். மகளிடம் கேளுங்கள், அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். பலாட்டாவை மட்டும் திரும்பக் கொடுத்துப் பாருங்கள், பதில் தெரிந்துவிடும்.

மோல்மேன் பெரியம்மா: தனாக்கா மரப்பட்டையைக் கல்லில் அரைத்துப் பூசினால் கிரீமே வேண்டாமே? அவர் சொல்வதையும் தள்ளிவிடாதே. ஜப்பானில் கோதுமை சோப்பால் முகம் வீங்கியதாமே?

தனாக்கா பூசுங்கள் பெரியம்மா, எரிச்சல் வந்தால் மட்டும் கழுவிவிடுங்கள். ஜப்பான் விஷயம் உண்மைதான். உடைத்த கோதுமைப் புரதம் சேர்த்த சோப்பால் முகம் கழுவி, 2000 பேருக்கு மேல் கோதுமை அலர்ஜி வந்தது. அப்புறம் ரொட்டி சாப்பிட்டாலே கண்ணிமை வீங்கியது. ஆனால் அது அலர்ஜி, சீலியாக் இல்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் இமையோ உதடோ வீங்கினால், மூச்சு இழுத்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாதக்கணக்கில் இருக்கும் உப்பல் அந்தக் கதை இல்லை.

மாண்டலே: கன்னம் இரண்டிலும் கருப்பாகப் படர்ந்திருக்கிறது. குளூட்டன்தானே?

மங்கு மாதிரி இருக்கிறது. வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை இவற்றால் வரும். தோல் டாக்டரிடம் காட்டுங்கள், சிவப்பழகு கிரீம் பக்கம் போகாதீர்கள்.

பெகு, இன்னொருவர்: பரு போக ரொட்டியை விடலாமா?

மூன்றாவது தடவை வருகிறது. முதல் பதிலைப் படியுங்கள்.

தட்டோன் அம்மா: ஏழு வயது மகனுக்கு அடிக்கடி வாய்ப்புண், பேதி. இரத்தம் குறைவு என்கிறார்கள், முகம் வெளுத்திருக்கிறது. வளர்த்தியும் இல்லை. ரொட்டியை நிறுத்திவிடட்டுமா?

நிறுத்த வேண்டாம் அம்மா. இங்கே வந்ததிலேயே எனக்குக் கவலை தந்த கேள்வி இதுதான். வாய்ப்புண், பேதி, இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு எல்லாம் சேர்ந்து வந்தால் சீலியாக் சோதனை கேட்க வேண்டும். பூச்சியாலும் இப்படி வரும், அதனால் மலமும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வாரமே குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இரத்தம் எடுக்கும் நாள் வரைக்கும் பையன் எப்போதும்போல ரொட்டி சாப்பிடட்டும்.