தங்கச் சுரங்கத்தில் சயனைடைவிட ஆர்சனிக்தான் பெரிய ஆபத்தா?

பல சுரங்கங்களில் ஆமாம். சயனைடு கொடிய விஷம்தான். ஆனாலும் வெயிலும் காற்றும் பட்டால் நாளடைவில் சிதைந்துவிடும். ஆர்சனிக் ஒரு தனிமம். அது சிதையவே சிதையாது.

கல்லூரி ஆய்வகத்தில் ஆர்சனோபைரைட் துண்டு ஒன்றைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார்கள். வெள்ளிபோல் மினுங்கும் கல். தட்டியதும் பூண்டு நெடி அடித்தது. அதுதான் ஆர்சனிக். இரும்பு, கந்தகம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த இந்தக் கனிமத்துக்குள் தங்கம் கண்ணுக்குத் தெரியாத அளவில் சிக்கியிருக்கும். தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடு கரைசலால் அதை எட்ட முடியாது. அதனால் முதலில் தாதுவை வறுப்பார்கள். இரும்பு ஆக்சைடாகி நின்றுவிடும், கந்தகம் வாயுவாகப் போகும். ஆர்சனிக்கோ புகையாகக் கிளம்பி, ஆறியதும் வெள்ளைத் தூளாகப் படியும். சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாஷாணம் என்பது இதைத்தான்.

கனடாவின் யெல்லோநைஃப் நகரத்தை ஒட்டி 1948இல் தொடங்கி 2004 வரை இயங்கியது ஜெயண்ட் சுரங்கம். ஆரம்பத்தில் அந்தப் புகையை அப்படியே வெளியே விட்டார்கள். அக்கம்பக்கத்தில் வாழ்ந்த டெனே பழங்குடி மக்களுக்குக் குளிர்காலத்தில் பனிதான் குடிநீர். 1951இல் ஆர்சனிக் படிந்த அந்தப் பனியால் ஒரு டெனே குழந்தை இறந்துபோனது. இதைப் படித்த அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

அப்புறம் தூளைப் பிடித்து நிலத்தடி அறைகளில் கொட்டினார்கள். ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் உறைநிலம் அதைப் பூட்டி வைத்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். சுரங்க வேலையால் அந்த நிலமே இளகிவிட்டது. அங்கே இப்போது கிடப்பது 2,37,000 டன். கிடைத்த தங்கம் சுமார் 220 டன். கணக்குப் போட்டால் ஒரு சவரனுக்கு எட்டு கிலோவுக்கு மேல் பாஷாணம்!

இது தண்ணீரில் கரையும் என்பதுதான் பெரிய கவலை. ஒரு லிட்டரில் பத்து கிராமுக்கு மேல் கரையும்; குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதனால் அறைகளைச் சுற்றிக் குழாய்கள் இறக்கி, குளிர்காலக் குளிரை உள்ளே கடத்தி, பாறையையே உறைய வைக்கிறார்கள். சுரங்க நிறுவனம் 1999இல் திவாலானது. சீரமைப்புக்கான 400 கோடி கனடா டாலருக்கு மேற்பட்ட செலவு அரசின் தலையில்.

வறுக்காமல் செய்ய வழி உண்டா என்றால், உண்டு. அழுத்தக் கலனிலோ பாக்டீரியாவைக் கொண்டோ தாதுவை ஆக்சிஜனேற்றம் செய்தால், ஆர்சனிக்கை இரும்போடு பிணைத்து, எளிதில் கரையாத ஸ்கோரோடைட் போன்ற திண்மமாக்கலாம். அப்போதும் கழிவுக் குட்டையைக் கண்காணிக்கத்தான் வேண்டும்.