எலுமிச்சையில் அலுமினியம் ஏன் தோற்றது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எட்டாவது படிக்கும் மகளுக்காக எலுமிச்சையில் மின்கலம் செய்தோம். செம்புக் கம்பியும் ஜிஐ ஆணியும் (துத்தநாகம் பூசிய இரும்பு ஆணி) செருகியதும் மல்டிமீட்டர் 0.93 வோல்ட் காட்டியது. புத்தகத்திலுள்ள மின்முனை அழுத்த அட்டவணையில் துத்தநாகம் –0.76 வோல்ட், அலுமினியம் –1.66. அப்படியானால் ஆணிக்குப் பதில் அலுமினிய ஃபாயிலைச் செருகினால் கூடத்தானே வர வேண்டும்? 0.5தான் வந்தது. பெரிய பழத்திலும் அதேதான். "புத்தகம் தப்பாப்பா?" என்கிறாள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புத்தகம் சரிதான். ஆனால் அது சொல்வது வெறும் அலுமினியத்தின் கணக்கு. உங்கள் ஃபாயிலில் சாற்றைத் தொடுவது அலுமினிய ஆக்சைடு. காற்றுப் பட்டதுமே படிந்துவிடும் தோல், சில நானோமீட்டர் தடிமன். உலோகத்தைக் கரையவிடாமல் அது மறிக்கிறது. அலுமினியக் குண்டானில் இத்தனை வருஷம் சோறு வடித்தும் ஓட்டை விழாதது அந்தத் தோலின் புண்ணியம்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றி, கொஞ்சம் கெட்டியான அலுமினியத் துண்டைப் பாதி முக்கி, செம்புக் கம்பியோடு மீட்டரில் இணையுங்கள். சாற்றுக்குள் இருக்கும் பகுதியை உப்புத்தாளால் மகளைத் தேய்க்கச் சொல்லுங்கள். எண் சட்டென்று ஏறும். நிறுத்தினால் இறங்கும். தோல் மறுபடி மூடிக்கொள்கிறது.

அடுத்து அவள் கேட்கப்போவது: அட்டவணைப்படி செம்பு–துத்தநாகத்துக்கு 1.10 வர வேண்டுமே, ஏன் 0.93? அந்த 1.10, ஆங்கில வேதியியலர் டேனியல் 1836-இல் செய்த மின்கலத்துக்கு உரியது. அதில் செம்பு, காப்பர் சல்பேட் கரைசலில் நிற்கும். எலுமிச்சையில் செம்பு அயனிக்கு எங்கே போவது? செம்புப் பக்கம் எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது சாற்றின் ஹைட்ரஜன் அயனிகளும் கரைந்திருக்கும் ஆக்சிஜனும். கம்பி கறுத்திருந்தால் அந்த ஆக்சைடும் கொஞ்ச நேரம் சேர்ந்துகொள்ளும்.

பழத்தின் அளவு வோல்ட்டை மாற்றாது. உலோகத்தை அகலமாக, ஆழமாகச் செருகினால் கரன்ட் கூடும், அவ்வளவுதான்.

பள்ளி லேபில் மக்னீசிய ரிப்பன் இருந்தால் ஒரு துண்டு கேட்டுப் பாருங்கள். அட்டவணையில் –2.37. ஆனால் மீட்டரில் 1.5-ஐக் கொஞ்சம் தாண்டும். சாறு அதை நேராகவே அரித்துக் குமிழ் விடும், அதில் பாதி வீண். ஆனாலும் இப்படி இரண்டு பழங்களைத் தொடராக இணைத்தால் சிவப்பு எல்இடிக்கு வேண்டிய 1.8 தேறிவிடும். மங்கலாகத்தான் எரியும், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

அப்புறம், ஆணி செருகிய பழங்களை ஜூஸ் போட்டுவிடாதீர்கள். ஆணியிலிருந்து கரைந்த துத்தநாகம் அதில் இருக்கும்.